பெருந்துறைப் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்தில் என் அண்ணனுக்காகக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான் வேலை செய்வது தென் ஜெர்மனியில் ஒரு கார் கம்பெனியில். மின்சாரக் கார்களை விற்றால் மட்டும் போதாது, அவற்றுக்கு வழியெல்லாம் சார்ஜ் ஏற்ற இடமும் வேண்டும் அல்லவா? சார்ஜர் இல்லை என்று ஜனங்கள் கார் வாங்குவதில்லை, கார் இல்லை என்று யாரும் சார்ஜர் வைப்பதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கக் கார் கம்பெனிகளே நாடு நாடாகப் பொது சார்ஜிங் நிலையங்களை வைக்கத் தொடங்கின. எங்கள் கம்பெனியும் வேறு சில கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து இந்திய நெடுஞ்சாலைகளில் இறங்கியது. நிலையங்களை வரைபடத்தில் காட்டுவது என் குழுவின் வேலை. நிலையம் ஓடினால் பச்சைப் புள்ளி, ஓடாவிட்டால் சிவப்புப் புள்ளி. இதற்குத்தான் கோயம்புத்தூரில் பொறியியல் படித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்தேன் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் ஸ்டெஃபான் பெரிய திரையில் ஒரு புகைப்படத்தைப் போட்டார். இந்தியாவில் வாடிக்கையாளர்கள் அதிகம் பாராட்டிய நிலையம் இது என்றார். படத்தில் இருந்தது பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன் தங்கவேலுவின் ஓட்டல் வாசல். வாசலில் தமிழில் எழுதிய ஒரு பலகை. "அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஸ்டெஃபான் என்னிடம் கேட்டார். நான் சொன்ன பதிலுக்குத்தான் அந்தக் கைதட்டல். என்ன பதில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

பெருந்துறைக்கும் விஜயமங்கலத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது அந்த ஓட்டல். கீழே ஓட்டல், மாடியில் வீடு. காலையில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும், மதியம் சாப்பாடு, இரவில் அரிசிபருப்புச் சாதம். கல்லாவில் அண்ணன், அடுப்படியில் நங்கை. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். முன்னால் பெரிய புளியமரம் ஒன்று. அதன் நிழலில் லாரிகள் வரிசையாக நிற்கும்.

பிறகு மேம்பாலம் வந்தது. கார்களும் பஸ்களும் அண்ணன் தலைக்கு மேலே பறந்துபோயின. சர்வீஸ் ரோட்டில் இறங்கி வருகிறவர்கள் பழகிய லாரி டிரைவர்கள் மட்டும்தான். அந்த நேரத்தில்தான், இடம் கொடுத்தால் சார்ஜர் வைத்துத் தருகிறோம் என்ற எங்கள் கூட்டுத் திட்டத்தின் விளம்பரத்தை அண்ணன் பேப்பரில் பார்த்திருக்கிறார். நான் சொல்லித்தான் செய்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கார் கம்பெனியில் இருக்கிறேன் என்பதைத் தவிர என் வேலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் போனில் சொன்னார்.

"கரண்டு வேணும்னா பாலத்துல இருந்து கீழ எறங்கித்தான் ஆகோணும் அம்மணி. சார்ஜ் ஏற முக்காமணி நேரம் ஆகுதாமா. அதுவரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க? சாப்புடுவாங்கல்ல?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கள் கம்பெனியின் படித்த தலைகள் பெரிய அறைகளில் உட்கார்ந்து போட்டதும் இதே கணக்குத்தான்.

ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் சார்ஜர் தெரிய வேண்டும், கேபிள் புதைக்க வேர் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. அண்ணன் புளியமரத்தை வெட்டினார். மரம் போன மறுவாரத்திலிருந்து லாரிகள் நிற்பதில்லை. டிரைவர்கள் வந்தது சந்தகைக்காக இல்லை, நிழலுக்காக என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற ஒரு மரத்தை வெட்டினோம் என்று எங்கள் ஆண்டறிக்கையில் யாரும் எழுதவில்லை.

திறப்பு விழாவுக்கு நங்கை சார்ஜர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு, ஆரத்தி எடுத்ததை வீடியோவில் பார்த்தேன். கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. கொச்சியிலிருந்து பெங்களூர் போகும் குடும்பங்கள், திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகள் என்று வந்து இறங்கிச் சாப்பிட்டார்கள். நங்கை அடுப்படிக்குக் கூட ஒரு ஆள் வைத்துக்கொண்டார். அந்த மாதங்களில் அண்ணன் குரலே வேறாக இருந்தது. போனை எடுத்தவுடன் "இன்னைக்குக் கடை முன்னால நிக்க எடமில்ல அம்மணி" என்பார். எனக்கும் கடல் தாண்டி வந்தது வீணில்லை என்று தோன்றியது.

3

ஒரு மழை நாளில் பெட்டிக்குள் டப்பென்று சத்தம், கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

உள்ளே மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி எரிந்துபோயிருந்தது. அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்குள் இங்கே கூட்டுச் சேர்ந்த கம்பெனிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரிந்தன. பராமரிப்பு வேறொருவர் கைக்குப் போனது. அவரும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எத்தனை பெட்டிகள் ஊன்றினோம் என்று அறிவிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. எத்தனை ஓடுகின்றன என்று எண்ணுவதற்கு யாரும் இல்லை.

அப்படியென்றால் வரைபடத்தில் புள்ளி சிவப்பாக வேண்டும்தானே? ஆகவில்லை. எரிந்தது மின்சாரப் பகுதி. பெட்டி எங்களோடு பேசும் சிம் கார்டுப் பகுதி நன்றாகவே இருந்தது. "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்" என்று அது மணிக்கு மணி சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கள் மென்பொருள் அதை நம்பியது.

பச்சைப் புள்ளியை நம்பி ஜனங்கள் பாலத்திலிருந்து இறங்கினார்கள். பேட்டரி காலியாகி, பின்சீட்டில் குழந்தை அழ, வந்து பார்த்தால் செத்த பெட்டி. வேறு யாராக இருந்தாலும் "கம்பெனிக்காரனைக் கேளுங்க" என்று கையை விரித்திருப்பார்கள். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மாடி வீட்டுப் பிளக்கிலிருந்து ஒயரை இழுத்துக் காரில் மாட்டினார். அப்படி ஏற்றினால் அடுத்த ஊர் வரை போகும் அளவுக்கு ஏறவே அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் அவர்களை மாடிக்கு அழைத்து, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, சாப்பாடு போட்டார். சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் காசு கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"நம்மள நம்பி வந்து சிக்கிக்கிட்டாங்க. அவங்ககிட்டப் போயி எப்படி அம்மணி வாங்கறது?"

போகும்போது அவர்கள் மனம் நெகிழ்ந்து எங்கள் செயலியில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'அருமையான மனிதர்', 'சொந்த வீடு போல', 'அந்தச் சந்தகைக்காகவே மறுபடி வருவோம்'. சார்ஜர் ஓடவில்லை என்று எழுதினால் அந்த நல்ல மனிதருக்குச் சங்கடமாகிவிடும் என்று அதை மட்டும் எழுதாமல் விட்டார்கள். நட்சத்திரம் ஏற ஏற, எங்கள் மென்பொருளுக்கு அந்தப் புள்ளியின்மேல் நம்பிக்கையும் ஏறியது.

4

எங்கள் ஊர்ப் பக்கத்தில் 'இல்லை, முடியாது, ஆகாது' என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். பெண் கேட்டு வந்தவரிடம் கூட "பாக்கலாமுங்க" என்பார்கள். கேட்டவர் புரிந்துகொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துபோவார். காலை மிதித்துவிட்டாலும் "பரவாயில்லீங்க", கடையே நொடித்துப் போனாலும் "பரவாயில்லீங்க".

இந்த வியாதி எனக்கும் இருந்தது. ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் ஓடவில்லை. வீட்டுக்காரம்மா ஒருநாள் படியில் பார்த்து, எல்லாம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். இந்த ஊரில் 'பஸ்ட் ஷோ' என்று ஒரு சொல் உண்டு. 'சரிதான், பரவாயில்லை' என்று அர்த்தம். புதிதாகக் கற்றுக்கொண்ட பெருமையில் அதைச் சொல்லிவிட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் கோட்டும் குல்லாவுமாக இட்லி அவித்தேன். வசந்தம் வந்த பிறகு விஷயம் தெரிந்த வீட்டுக்காரம்மா, "கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?" என்று என்மேல் கோபப்பட்டார். இங்கே குறை சொல்லாதவர்தான் குற்றவாளி.

என் மகள் இனியா இங்கே பிறந்தவள், அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரயில் தாமதமானால் நின்ற இடத்திலேயே புகார் எழுதி அனுப்பிவிடுவாள். பெரியவர்களை 'ங்க' போட்டுப் பேச அவளுக்கு இன்னும் வரவில்லை. "மாமா, நீ சாப்பிட்டியா?" என்று அண்ணனைக் கேட்பாள். அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை. "சாப்புட்டனுங் கண்ணு" என்று அவர்தான் அவளுக்கு 'ங்' போட்டுப் பதில் சொல்வார்.

நான் அலுவலகத்தில் எவ்வளவோ முயன்றேன். புள்ளியை நீங்களே சிவப்பாக்குங்கள் என்று கேட்டேன். புள்ளியைக் காட்டுவதுதான் நம் வேலை, கையால் நிறத்தை மாற்றுவது இந்தியப் பங்காளி நிறுவனத்தின் பொறுப்பு என்றார்கள். அங்கே கேட்டால் உதவி மையத்தின் பொறுப்பு என்றார்கள். உதவி மையமோ நான் பதிந்த ஒவ்வொரு புகாரையும் 'தீர்ந்தது' என்று மூடிக்கொண்டே வந்தது. நிலையத்தின் உரிமையாளரே அப்படிச் சொல்லியிருக்கிறாராம். "உன் அண்ணன் ஓடுகிறது என்கிறார். நீ இங்கிருந்துகொண்டு ஓடவில்லை என்கிறாய். நான் யாரை நம்புவது?" என்றார் ஸ்டெஃபான். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இனியா எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். அந்த நிலையத்துக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, 'பெட்டி செத்துவிட்டது, யாரும் வராதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள். மறுநாளே அண்ணனிடமிருந்து போன்.

"யாரோ ஒத்தை ஸ்டார் போட்டுப்போட்டாங்க அம்மணி. பாவம், எந்நேரத்துல வந்தாங்களோ, நான் கவனிக்காம உட்டுட்டேன் போல. மனசே செரியில்ல."

அதற்குக் கீழே யாரையோ விட்டு மன்னிப்பும் எழுத வைத்திருந்தார், அடுத்த தடவை அவசியம் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று. இனியா அதைப் படித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கே வராதவர் எழுதியது என்று சில நாளில் மென்பொருளே அந்த ஒற்றை நட்சத்திரத்தை அழித்துவிட்டது.

5

ஓட்டலில் அடுப்படி ஆளை நிறுத்தியாகிவிட்டது. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு மேற்பார்வைக்கு ஆள் தேடினார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாக அண்ணன் சொல்லியிருந்தார். அதற்குள் பெட்டி ஓட ஆரம்பித்தால் ஓட்டல் பிழைக்கும். இல்லையென்றால் இல்லை.

விதிமுறைகளைக் கிளறியதில் ஒரு வழி கிடைத்தது. புகார் ஒரு வாரம் மூடப்படாமல் திறந்தே இருந்தால், யாரையும் கேட்காமல் உதிரிபாகத்தோடு ஆள் அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு வாரம். அண்ணன் ஒரே ஒரு தடவை இல்லை என்று சொன்னால் போதும்.

"அண்ணா, உதவி மையத்துல இருந்து கூப்புட்டா 'வேலை செய்யுலீங்க'ன்னு மட்டும் சொல்லுங்ணா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்ணா."

"சரி அம்மணி."

"பரவாயில்லீங்கன்னு சொல்லிப்போடாதீங்க."

"அட, சொல்லலம்மணி."

நம்பிக்கை வராமல், அந்த அழைப்பு வரும்போது என்னையும் இணைத்துக்கொள்ளச் சொன்னேன். சனிக்கிழமை மதியம் அவருக்கு, எனக்குக் காலை. என் குரல் கேட்டுவிடக் கூடாது என்று போனை மௌனத்தில் போட்டுவிட்டு, சமையலறையில் நின்று கேட்டேன்.

ஒரு பெண் பேசினாள். சின்னக் குரல். "வணக்கம் சார், சார்ஜிங் ஹெல்ப்லைன்ல இருந்து பேசுறேன். உங்க கம்ப்ளைன்ட் சரியாயிருச்சா சார்?"

அண்ணன் சொன்னார். "இல்லீங்க அம்மணி. பொட்டி வேலை செய்யுலீங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறுபதை நெருங்கும் மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக இல்லை என்று சொல்லிக் கேட்கிறேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"பாத்துட்டனுங்க."

அந்தப் பெண் தயங்கினாள். "சார், இது திரும்பத் திரும்ப ஓப்பன் ஆகுற கம்ப்ளைன்ட் சார். இன்னைக்கும் குளோஸ் ஆகலைன்னா என் பேர்லதான் சார் எழுதுவாங்க. போன மாசமே எங்க வரிசையில சில பேரை நிறுத்திட்டாங்க."

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கு எந்த ஊருங்க?"

போச்சு என்று நினைத்தேன்.

"திண்டுக்கல் பக்கம் சார்."

"ஊட்ல யாரெல்லாம் இருக்கறாங்க?"

"அம்மா மட்டும்தான் சார். என் சம்பளந்தான்." குரல் உடைந்தது.

"அண்ணா, வேண்டாங்ணா!" என்று கத்தினேன். போன் மௌனத்தில் இருந்தது மறந்தே போயிற்று. என் சத்தம் கேட்டு ஓடிவந்தது இனியா மட்டும்தான். மௌனத்தை எடுக்க விரல் திரையில் தடுமாறிக்கொண்டிருந்தபோது அண்ணன் குரல் கேட்டது.

"அட, பரவாயில்லீங்க அம்மணி. செரியாப் போச்சுன்னே எழுதிக்குங்க. நாங்க பாத்துக்கறோம்."

"ரொம்ப நன்றி சார். எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை சார் குடுப்பீங்க?"

"அஞ்சே போட்டுக்குங்க."

அந்தப் பெண் வைத்துவிட்டாள். இனியா என்னைப் பார்த்து ஜெர்மன் மொழியில் கேட்டாள். "மாமா ஏன் பொய் சொன்னார்?" அது பொய் இல்லை என்று தொடங்கினேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஜெர்மனும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அண்ணன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். எதிரே இருந்திருந்தால் கையிலிருந்த கரண்டியை வீசியிருப்பேன்.

"கோவிச்சுக்காத அம்மணி," என்றார் அண்ணன். "அந்தப் புள்ள அழுதுபோடுமாட்ட இருந்துச்சு."

"அப்ப ஓட்டலுங்ணா?"

"அது கெடக்குது. நீ சாப்புட்டயா?"

6

மாதக் கடைசியில் ஓட்டலை மூடினார்கள். நங்கை அன்று என்னோடு பேசவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டதாக அண்ணன் சொன்னார். இப்போது அவர் சிப்காட் கேன்டீனில் இருக்கிறார். மேற்பார்வை என்று பெயர், தட்டு எண்ணிக் கொடுக்கும் வேலை. அதிகமாக ஒரு கரண்டி சாதம் போட்டதற்கு அவரைவிடப் பாதி வயதுக்காரர் ஒருவர் கண்டித்தாராம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை திரையில் வந்த படம் அதற்குப் பிறகு யாரோ எடுத்தது. இறக்கிய ஷட்டர். முன்னால் வெயிலில் வெள்ளைப் பெட்டி. மாடி ஜன்னலிலிருந்து ஒரு ஒயர் தொங்கி, வாசலில் நிற்கும் கார் வரை வருகிறது. ஷட்டரில் அண்ணன் கையெழுத்தில் ஒரு பலகை:

'ஓட்டல் மூடியாச்சுங்க. சார்ஜர் ஓடாதுங்க. கரண்ட் வேணும்னா மாடிக்குக் கூப்பிடுங்க. வாங்க, உக்காருங்க.'

அந்தப் பெட்டியைப் பற்றிய உண்மை ஒருவழியாக எங்கள் அலுவலகத் திரையிலேயே வந்துவிட்டது, ஆள் உயரத்துக்கு. அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

முன்வரிசையில் மேலிடத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கார் விற்பனை படுத்துவிட்டது, இந்தப் பிரிவையே இழுத்து மூடலாமா என்று முடிவு செய்ய வந்தவர்கள். எங்களில் பாதிப் பேருக்கு வேலை போகும் என்று பேச்சு. ஸ்டெஃபானுக்குக் குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. "பலகையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். திண்டுக்கல் பெண்ணின் குரல் எனக்கு ஞாபகம் வந்தது.

கடைசி வரியை மட்டும் மொழிபெயர்த்தேன். "வாங்க, உட்காருங்க என்று எழுதியிருக்கிறது."

எவ்வளவு அழகு என்றார்கள். கை தட்டினார்கள்.

வேலை முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடியே அண்ணனைக் கூப்பிட்டேன். அப்போதுதான் கேன்டீனிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் ஆபீசில் உங்களுக்குக் கை தட்டினார்கள் என்றேன்.

"நமக்கா? அட!" அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நங்கையைக் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை. பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"அப்ப இனி பொட்டியச் சரிபண்ண ஆள் வருவாங்களா அம்மணி?"

"பாக்கலாமுங்ணா," என்றேன்.

அண்ணன் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"பரவாயில்ல அம்மணி," என்றார்.